மாமியின் ஆக்கள்

தோளில் கோடரி இல்லாமல் மாமியின் அண்ணன் தேன் மாமா எங்கள் வளவுக்குள் நடந்துவந்த அந்த முற்பகல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கோடரிதான் இல்லை, அது எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் இடது தோள் மட்டும் பழக்கத்தில் சற்று உயர்ந்தே இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். முன்பெல்லாம் அவர் கல்முனைச் சந்தைக்குள் வரும்போது சனம் விலகி வழிவிடும். குழந்தைகள் உம்மாமாரின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அன்றைக்கு அவர் கடைத்தெருவால் வந்ததை எவரும் கவனிக்கவில்லை. தாடி நரைத்த, மெலிந்த ஒரு மனிதர் என்று மட்டும் நினைத்திருப்பார்கள். குசினிக்குள்ளிருந்து வெளியே வந்த மாமி தன் அண்ணனின் முகத்துக்கு முன் தோளைத்தான் பார்த்தார். பிறகு தண்ணீர் எடுக்கப் போனார்.

மாமி என் உம்மாவின் தம்பியுடைய மனைவி. வேடர் என்று நாங்கள் சொல்லும் காட்டு ஆக்களின் மகள். அந்தத் தம்பி, என் மாமா, கருவாடும் உப்பும் சீத்தைத் துணியும் லொறியில் ஏற்றிக்கொண்டு, அம்பாறை தாண்டி, மகாஓயாவுக்கும் அப்பால் காட்டோரக் குடியிருப்புகளுக்குப் போய்வந்த வியாபாரி. ஒருமுறை மலேரியாக் காய்ச்சலில் விழுந்தவரை லொறிக்காரன் அங்கேயே ஒரு குடிசையில் விட்டுவிட்டு வந்துவிட்டான். ஊரில் அவர் இறந்துவிட்டார் என்று கத்தம் ஓதுவதற்கே ஆயத்தமாகிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து வழி திறந்தபோது, மாமா தேன் நிறைந்த சுரைக்குடுவையோடும் ஒரு பெண்ணோடும் வந்திறங்கினார். லெவ்வை வந்து கலிமாச் சொல்லிக்கொடுத்து, புதுப் பெயர் வைத்து, நிக்காஹ் செய்துவைத்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண்ணுடையவை. மாமிக்கு இங்கே வீடு ஏது? உம்மா தன் வளவின் கடற்பக்கத்து மூலையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். சீதனமில்லாமல் வந்தவள் என்று கிணற்றடியில் பெண்கள் கதைப்பார்கள். மாமா அதற்குச் சிரித்துக்கொண்டே, "காடு முழுக்க அவட சீதனம்தான். உங்களில ஆருக்கு அவ்வளவு பெரிய வளவு இரிக்கு?" என்பார். அந்தப் பகிடி பல வருடங்கள் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. நான்தான் அவருடைய கையில் வளர்ந்தேன். காட்டிலிருந்து வந்தவர் என்றதும் மரமேறுபவரையோ மூலிகை அரைப்பவரையோ கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவருக்கு வானொலி நாடகம் என்றால் உயிர். நாடகத்தில் ஒருவன் மனைவிக்குப் பொய் சொன்னால் சோற்றுப் பானையை மறந்துவிட்டு அவனை ஏசுவார். எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்த நாட்களில் பாதிக்குமேல் அந்த நாடகங்களால்தான். கதை என்பது எங்கோ ஒருவருக்கு நடந்துகொண்டிருப்பது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது சரியில்லை என்பது அவருடைய எண்ணம்.

எழுபதுகளின் இறுதியில் நான் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம்போட்டு வாசித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். மாமி பக்கத்தில் இருந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் இந்த நாடு எப்படித் தொடங்கியது என்பது. சிங்கத்தின் வழிவந்த இளவரசன் ஒருவன் தோழர்களோடு கப்பலில் வந்து கரையிறங்குகிறான். மரத்தின் கீழிருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த இயக்கர் குலப் பெண் ஒருத்தி அவனுக்குச் சோறு கொடுக்கிறாள். தன் சனம் கலியாண விருந்தொன்றில் கூடியிருக்கும் வேளையைக் காட்டிக்கொடுத்து, அவர்களை வெட்டி அழிக்க அவனுக்கு உதவுகிறாள். அவன் அரசனாகிறான், அரசனுக்கு அரசகுலப் பெண் வேண்டும் என்று இவளைத் துரத்திவிடுகிறான். தன் சனத்திடம் திரும்பிப் போனவளைத் துரோகி என்று அவர்களே அடித்துக் கொல்கிறார்கள். அவளுடைய பிள்ளைகள் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள்.

மாமியின் கை எப்போதோ நின்றுபோயிருந்தது.

"பொறகு?" என்று கேட்டார்.

"பொறகு அவங்கட கதை இல்ல மாமி. அடுத்த ராசாட கதைதான் வருகுது."

"அந்தப் புள்ளைகள் என்ன ஆன எண்டு எழுதல்லயா?"

"காட்டுக்குள்ள போன எண்டு மட்டும்தான் இரிக்கு."

பலாக்கொட்டையைத் தள்ளிவைத்துவிட்டு மாமி சொன்னார்: "இத எழுதினவங்க எங்கட ஆக்களக் கண்டதில்ல மகள். எங்கட ஆக்கள் திரும்பி வந்த பொம்புளைக்கி அடிக்கமாட்டாங்க. அவளக் கொன்ன ஆரு எண்டு எழுதினவங்களுக்குத்தான் தெரியும்."

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். சோதனையில் அந்தக் கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்தபடியே எழுதினேன், நல்ல புள்ளியும் கிடைத்தது.

எண்பதுகள் தொடங்கும்போது நான் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியை. சிறுவயதில், வாப்பா அம்பாறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காலத்தில், எனக்குச் சிங்களம் நன்றாகப் பழகியிருந்தது. அதனால் அரசாங்க வைபவங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அந்தக் காலத்தில்தான் மாமா ஒவ்வொரு பயணத்திலிருந்தும் ஏதாவதொரு செய்தியோடு வரத் தொடங்கினார். ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்களாம். காட்டுக்குள் வெள்ளை பூசிய கற்களை நாட்டிக்கொண்டு போகிறார்களாம். கற்களுக்கு இந்தப் பக்கம் புதுக் குடியேற்றம், அந்தப் பக்கம் மிருகங்களுக்கான காடு. மாமியின் ஆக்களின் இடம் இரண்டு பக்கமும் விழுந்தது; குடிசைகள் இந்தப் பக்கம், தேன் எடுக்கும் காடு அந்தப் பக்கம். அவர்கள் வெளியே வந்து, வாய்க்காலோரத்தில் கட்டித் தரும் தகரக் கூரை வீடுகளில் இருந்து வயல் செய்யவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் மாமி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணன் என்ன சொன்ன?" மாமாவிடம் அதற்கு எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. "அவர் ஒண்டும் சொல்லல்ல. கேட்டுக்கிட்டிருந்த."

குடியேற்றத்தின் புதிய நகரத்தைத் திறந்துவைக்கும் வைபவத்துக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் வரவேற்புப் பாடலுக்காக அழைக்கப்பட்டார்கள். காட்டு ஆக்களையும் மேடைக்குக் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டதும், மாமி தலையில் முக்காடிட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் பார்த்தபோது அந்த இடம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மரம் ஒன்றுகூட இல்லாத செம்மண் வெளி. ஓரத்தில் வரிசையாக புல்டோசர்கள், அவற்றின்மேல் காகிதக் கொடிகள். மாமி ஓரிடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தூரத்திலிருந்த ஒரு கற்பாறையைக் காட்டி, "அதுதான் எங்கட தேன்பாறை. அப்பிடியெண்டா நான் இப்ப எங்கட வீட்டுக்குள்ளதான் நிக்கிற" என்றார்.

பிள்ளைகள் பாடி முடித்ததும் நாடகம். கடலே இல்லாத அந்தப் பொட்டல்வெளியில் நீலத் துணியை அலைபோல ஆட்டினார்கள். பலகைக் கப்பலிலிருந்து பொன்தாள் கிரீடத்தோடு இளவரசன் குதித்திறங்கினான். கரி பூசிய முகத்தோடு அந்த இயக்கர் பெண் வந்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமி சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. வானொலி கேட்கும்போது இருப்பதுபோலவே கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் தேன் மாமாவை மேடைக்கு அழைத்தார். மேடைச் சிங்களம் மாமிக்குப் பிடிபடவில்லை. நான் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் காட்டுக்குள் போனார்கள், அவர்களின் வழிவந்தவர்கள் இன்றைக்கு மனமுவந்து காட்டை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு மனிதரோடு மனிதராக வாழ வந்திருக்கிறார்கள், அதன் அடையாளமாகத் தங்கள் கோடரியைப் பிரதம விருந்தினருக்கு அன்பளிப்புச் செய்கிறார்கள் என்றார் அறிவிப்பாளர்.

கடைசி வார்த்தை என் வாயிலிருந்து வருவதற்குள் மாமி எழுந்துவிட்டார். தன் ஆக்களின் மொழியில் அவர் அவ்வளவு உரக்கக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொடுக்காதே என்றுதான் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். தேன் மாமா தங்கையின் குரல் வந்த பக்கம் திரும்பினார்; திரும்பும்போதே கை நீண்டிருந்தது. பிரதம விருந்தினர் கோடரியை வாங்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். படம் எடுத்தார்கள். பிறகு அது கைமாறிக் கைமாறி ஒரு ஜீப்புக்குள் போனது. பார்த்துவிட்டுத் தருவோம் என்று சொல்லித்தான் கேட்டார்களாம். வாகனங்களெல்லாம் போய், பந்தலைப் பிரிக்கத் தொடங்கிய பிறகும் தேன் மாமா மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமி போய்க் கையைப் பிடித்து இழுத்தபோது, "இன்னும் தரவில்லை" என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் வளவுக்கு வந்தது. தகரக் கூரையின்கீழ் இருக்க முடியவில்லை என்றார். பகல் முழுக்கத் தலைக்குமேல் நெருப்பு. பக்கத்து வீட்டாரின் பேச்சு சுவருக்குள்ளால் வருகிறது. செத்த ஆக்களுக்குப் படையல் வைக்க ஒரு மரம்கூட இல்லை. இங்கே முருங்கையின் கீழ் பாய் விரித்துக்கொண்டார். மாமாவுக்கு அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசை. ஒருநாள் பின்னேரம் உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்த மாமா, எங்கள் ஊர் உண்டான கதையைத் தொடங்கினார். "எங்கட மூத்த ஆக்கள் வந்தக்குள்ள இது ஆரும் இல்லாத காடு. அவங்கதான் வெட்டித் துப்புரவாக்கி ஊர் வெச்ச" என்றார். ஒவ்வொரு கந்தூரி விருந்திலும் நாங்கள் கேட்டு வளர்ந்த பெருமைதான் அது. மாமா என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோலத் தேன் மாமா தங்கையைப் பார்த்தார். மாமி சொல்லவில்லை. நான் சிங்களத்தில் சொல்ல வாய் திறந்தபோது, "அதச் சொல்லாத மகள்" என்று தடுத்தார். மாமா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்ல வடிந்துபோனதை நான் கண்டேன். அதற்குப் பிறகு காடு முழுக்கச் சீதனம் என்ற பகிடியை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

கடற்கரைக்கு ஒருதரம் நானும் மாமியும் அவரை அழைத்துப்போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வலையைப் பார்க்கவில்லை, நீர் முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "அந்த இளவரசன் இந்தப் பக்கத்தாலா வந்தான்?"

"இல்லை, அது மேற்குக் கரை. நாட்டின் மற்றப் பக்கம்" என்றேன்.

"எல்லாப் பக்கமும் கடல்தானே" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார்.

தேன் காலம் வந்ததும் அவர் சொல்லாமல் போய்விட்டார். சில வாரங்களில், காவலர்கள் அவரைக் காட்டுக்குள் பிடித்துவிட்டார்கள் என்று மாமா செய்தி கொண்டுவந்தார். மாமியும் நானும் பஸ் ஏறி நீதிமன்றத்துக்குப் போனோம். கூண்டுக்குள் தேன் மாமா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றார். தடைசெய்த காட்டுக்குள் ஏன் நுழைந்தாய் என்று நீதவான் கேட்டார். கோபமாக அல்ல, களைத்துப்போன குரலில். "என் பெண்சாதி அங்கே இருக்கிறாள்" என்றார் இவர். பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வெளியே வரவேண்டியதுதானே என்று நீதவான் சொன்னபோது, மன்றத்தில் யாரோ எழுந்து, அவள் இறந்து பல வருடங்கள் என்று தெரிவித்தார்கள். சிலர் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. எச்சரித்து விடுகிறேன், இனிமேல் பிடிபட்டால் சிறைதான் என்றார். அவரை ஜீப்பில் ஏற்றித் தகர வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அடுத்த நாள் மாமி தன் துணிகளை மூட்டை கட்டினார். மாமா வாசலில் வந்து நின்றுகொண்டு, "என்னட்ட தலாக் கேக்கிறியா?" என்றார்.

"அல்லாஹ்வே, இல்ல. நான் உங்கட பொண்டாட்டிதான். ஆனா அண்ணன் அந்தத் தகரத்துக்குள்ள தனியச் சாகக் கூடா. நீங்க வந்து வந்து போங்க. அப்ப உங்கள நாங்க பாத்த, இப்ப நான் அவரப் பாக்கிறன்."

மாமா தானே போய் ஒரு சாக்கு உப்பும் கருவாடும் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். வழி முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் போன பெண்ணுக்கு என்ன நடந்தது என்று நான் படித்திருக்கிறேன். மாமியோ இருபது வருடத்துக்குமேல் கடற்கரையில், வேறு பெயரோடும் வேறு மார்க்கத்தோடும், வியாபாரியின் மனைவியாக இருந்தவர். நாங்கள் இறங்கியபோது தகர வீடுகளின் வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள். மாமியும் மூட்டையை இறக்காமல் நின்றார். பிறகு வயதான ஒரு பெண் நடந்துவந்து, தன் இரண்டு கைகளாலும் மாமியின் முன்னங்கைகளைப் பிடித்தாள்; அது அவர்களுடைய வரவேற்பு. ஒவ்வொருத்தியாக வந்து அப்படியே பிடித்தார்கள். அண்ணனின் மகன், மீசை அரும்பிய பையன், மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பாய் விரித்தான். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பலாக்கொட்டை உரித்த அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

அதன் பிறகு மாமா மாதமொருமுறை போய்வருவார். பாடசாலை விடுமுறைகளில் நானும் போவேன். மாமி அங்கும் ஐந்து வேளையும் தொழுதார். தகர வீட்டின் ஒரு மூலையில் அவருடைய பாய் சுருட்டி வைத்திருக்கும். அண்ணனின் மகனுக்கு எங்கள் ஊர்த் தமிழைப் பழக்கியிருந்தார். அவன் என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டு, "சுகமா இரிக்கியளா?" என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பாக வரும். தேன் மாமா அதிக காலம் இருக்கவில்லை. ஒருநாள் விடிந்தபோது எழும்பவில்லை. வாய்க்கால் ஓரத்துப் பொதுமயானத்தில்தான் அவரைப் புதைக்க அனுமதித்தார்கள். அதன் பிறகும் மாமி எங்கள் ஊருக்குத் திரும்பி வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டார். அங்குள்ள பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார்.

யுத்தம் தொடங்கி, காலம் அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பின்னேரமானால் கடைகள் பூட்டிவிடும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று மதிலுக்கு மேலால் பார்க்கத் தொடங்கியிருந்தன. மேற்கே எங்கள் ஊரார் பரம்பரையாகச் செய்துவந்த வயல் வட்டைகளிலும் வெள்ளை பூசிய கற்கள் முளைத்தன. பழைய ராசா காலத்துப் புனித பூமி என்றார்கள். அன்றைக்கு மாமா வயலிலிருந்து வந்து, "அவட ஆக்களுக்குச் சொன்ன கதைய இப்ப நமக்குச் சொல்றாங்க" என்று மட்டும் உம்மாவிடம் சொன்னார்.

கடைசியாக நானும் மாமாவும் போனபோது குடியேற்றத்துக்குப் போகும் வழியில் மரக்கட்டை போட்டு மறித்திருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். துப்பாக்கியோடு நின்றவன் அண்ணனின் மகன்தான். எல்லைக் கிராமங்களைக் காக்க அந்தப் பையன்களுக்குத் துவக்குக் கொடுத்திருந்தார்கள். கரையோரத்து ஆக்கள் வந்து வெட்டுவார்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவனுக்குப் பின்னால் சீருடைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவன் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"எங்க போறீங்க?" என்றான்.

"உன்ட மாமியப் பாக்க" என்றார் மாமா.

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோது, தாழ்ந்த குரலில் எங்கள் தமிழில் சொன்னான்: "மாமி சுகம். நான் பாத்துக்கிறன். நீங்க இந்த பஸ்ஸிலயே திரும்புங்க மாமா. இனி வராதீங்க. நாளைக்கு இவங்க சுடச் சொல்லக்குள்ள எனக்கு ஏலாது எண்டு சொல்ல ஏலாது."

பிறகு நிமிர்ந்து சிங்களத்தில் அதட்டினான். மாமா கொண்டுபோன உப்புச் சாக்கை அவனுடைய காலடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். அந்த வீதி மூடியது. அது திறப்பதற்கு முன்னரே மாமா மௌத்தானார். கடைசி நாட்களில் யார் வாசலுக்கு வந்தாலும் மகாஓயாப் பக்கத்திலிருந்தா என்று கேட்பார்.

யுத்தம் முடிந்து, நான் ஓய்வுபெற்ற பிறகுதான் மறுபடியும் அங்கே போக வாய்த்தது. செம்மண் வெளி இப்போது நகரம். அண்ணனின் மகனைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரை. காட்டைப் பார்க்கவரும் வெளிநாட்டாருக்கு வழிகாட்டியாக இருக்கிறான், அதற்கு முன் அதே காட்டுக்குக் காவலாளியாக இருந்தானாம். மாமி மௌத்தான செய்தியை எங்களுக்கு அனுப்ப அப்போது வழியிருக்கவில்லை என்றான். "மாமி காட்டுக்குள்ளதான் வைக்கணும் எண்டு சொன்ன, ராத்தா. அப்ப நான்தான் காவல். என்ன ஆரு புடிக்கிற?" என்று சிரித்தான்.

அனுமதிச் சீட்டு எடுத்து, ஜீப்பில் போய், பிறகு நடந்தோம். தேன்பாறைக்குப் பின்னால், அவனுடைய தாயைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், கல் அடுக்கிய சிறிய மேடு. குளிப்பாட்டியது, வெள்ளைத் துணி சுற்றியது, எல்லாமே மாமி உயிரோடிருக்கும்போது சொல்லிக்கொடுத்தபடிதானாம். முகத்தை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டேன். "பொழுது படுற பக்கம், கொஞ்சம் வலத்தால. மாமி கையப் புடிச்சிக் காட்டித் தந்த" என்றான். சரியாகத்தான் இருந்தது. நான் நின்று பாத்திஹா ஓதினேன். அவனும் கைகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஓதி முடித்தும் எனக்கு நகர மனம் வரவில்லை.

அவன் வானத்தைப் பார்த்தான். "போவம் ராத்தா. பொழுது படுறதுக்கு முதல் எல்லாரும் வெளிய போயிரணும். அதுதான் சட்டம்."

கொஞ்ச தூரம் நடந்தபின் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"மாமிய மட்டும்தான் இவங்களால இங்க இருந்து எழுப்ப ஏலாது."